கத்திரி வெயிலில் விப்பிங் கிரீம் நிற்க மாட்டேங்குது, எங்கே தப்பு?

சர்க்கரைப்பூ:
1 கிலோ கேக். வெளியே 38 டிகிரி, சமையலறை 33-34, ஏசி கிடையாது. 35% கொழுப்புள்ள பால் கிரீம் 400 மில்லி, ஐசிங் சுகர் 4 டேபிள்ஸ்பூன். அடிக்கும்போது நல்லாதான் நிக்குது. கேக்ல பூசி முடிக்கிறதுக்குள்ள ஓரம் வழிய ஆரம்பிக்குது, ரோஜா போட்டா இதழ் படுத்துடுது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாள் எடுத்தா அடி போர்டுல தண்ணி தேங்கி நிக்குது. ஜெலட்டின் போட்டா ரெண்டும் சரியாகுமா? எவ்வளவு போடணும்?

ஓவன்காரன்:
நீங்க சொன்னது ஒரு கோளாறு இல்லை, ரெண்டு. ஓரம் வழியுறது கொழுப்பு உருகுறதால. போர்டுல தண்ணி தேங்குறது, நுரை தன்கிட்ட இருக்கிற தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாம விடுறதால. ஜெலட்டின் ரெண்டாவதுக்கு மருந்து. முதலாவதுக்குக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

பீட்டர் (மிக்ஸர்ல சுத்தி அடிக்கிற கம்பி) காத்தை உள்ள ஏத்துது. கொழுப்பு உருண்டைகள் ஒண்ணோட ஒண்ணு பாதி ஒட்டி, காத்துக் குமிழியைச் சுத்திச் சுவர் எழுப்புது. அந்தச் சுவர் நிக்கணும்னா கொழுப்புல நல்ல பங்கு கட்டியா இருக்கணும். பால் கொழுப்பு 5 டிகிரியில பாதி கட்டியா இருக்கும். 20-ல சுமார் அஞ்சுல ஒரு பங்குதான். 30-ஐத் தாண்டினா கிட்டத்தட்ட எல்லாமே எண்ணெய். வீட்ல தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க: மார்கழியில ஸ்பூன் விட்டுத் தோண்டணும், சித்திரையில தானா ஓடும். கிரீம்லயும் அதே சங்கதிதான்.

அதனால 34 டிகிரியில பால் கிரீமை "நிக்க வைக்கிற" பொடின்னு ஒண்ணு இல்லை. கிரீம் 15 டிகிரியைத் தொடாம எத்தனை நிமிஷம் வெச்சிருக்க முடியுதுங்கறதுதான் கணக்கு. கிரீம் பெட்டி ஃப்ரிட்ஜ்ல எவ்வளவு நேரம் இருந்தது? எந்தக் கிண்ணம்? மிக்ஸர் எந்த ஸ்பீட்?

சர்க்கரைப்பூ:
கடையில வெளி ஷெல்ஃப்ல இருந்த டெட்ரா பேக். ஃப்ரிட்ஜ்ல 2 மணி நேரம், கடைசி 20 நிமிஷம் ஃப்ரீசர். கண்ணாடிக் கிண்ணம். ஹேண்ட் மிக்ஸர் முழு ஸ்பீட்.

ஓவன்காரன்:
அங்கேயே போச்சு. கிரீம் ஜில்லுனு ஆகிறதும் உள்ள இருக்கிற கொழுப்பு உறையறதும் ஒண்ணு இல்லை. தெர்மாமீட்டர் 5 காட்டினாலும் கொழுப்பு உறைஞ்சு முடிக்க மணிக்கணக்கா ஆகும். வெளி ஷெல்ஃப்ல இருந்த பேக்குக்குக் குறைஞ்சது 12 மணி நேரம் ஃப்ரிட்ஜ் வேணும், முந்தின நாள் காலையிலேயே வெச்சுட்டா நல்லது. ஃப்ரீசர் குறுக்குவழி ஆகாது. ஓரமா இருக்கிற கிரீம் ஐஸ் ஆகி, கொழுப்பு உருண்டையோட தோலைக் கிழிச்சுடும், நடுவுல இருக்கிறது இன்னும் சூடாவே இருக்கும். திரவப் பால் கிரீம் ஒரு தடவை உறைஞ்சு போச்சுன்னா குழம்புல ஊத்தத்தான் லாயக்கு.

வைக்கிற இடமும் முக்கியம். கதவு ஷெல்ஃப்தான் ஃப்ரிட்ஜ்லயே சூடான இடம். ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டுல ராத்திரி முழுக்க வெச்சு, காலையில முதல் வேலையா பாருங்க. மே மாசத்துல, கதவு அடிக்கடி திறக்கிற வீட்ல, குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் நடுவுல இருந்தா 8-9 காட்டுறது சகஜம். 4-5 வர்ற வரைக்கும் குமிழைத் திருப்புங்க.

கண்ணாடியை விட்டுட்டு ஸ்டீல் கிண்ணம் எடுங்க. கிண்ணம், பீட்டர் கம்பி ரெண்டும் ஃப்ரீசர்ல 20 நிமிஷம். அதைவிடப் பெரிய பாத்திரத்துல ஐஸும் தண்ணியும் போட்டு, ஸ்டீல் கிண்ணத்தை அதுக்குள்ள இறக்கி அடிங்க. வெறும் ஐஸ் மட்டும் போட்டா கிண்ணத்தை அங்கங்கதான் தொடும், தண்ணியும் இருந்தாதான் சுத்தி ஒட்டும். உப்பு போடாதீங்க, கிண்ணச் சுவர்ல கிரீம் உறைஞ்சு திரியாகிடும்.

பட்டர்பேப்பர்:
குளிர்ச்சி பற்றி ஓவன்காரன் சொன்னது சரி. ஆனால் ஜெலட்டினை அவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாம். தண்ணீர் விடுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருக்கும் கேக்குக்கு அதுதான் பெரிய தலைவலி.

250 மில்லி கிரீமுக்கு 1 டீஸ்பூன் ஜெலட்டின் பொடி, அதாவது சுமார் 3 கிராம். 1 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் தூவி 5 நிமிடம் ஊற விடுங்கள். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காய்ந்த மாவுக் கட்டி நின்றுவிடும். ஊறியதும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கரையுங்கள், கொதிக்கவே கூடாது. விரலை விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற பதத்துக்கு ஆற விடுங்கள்.

எல்லோரும் சறுக்குவது அடுத்த படியில். 5 டிகிரி கிரீமில் ஜெலட்டினை நேராக ஊற்றினால் விழுந்த இடத்திலேயே உறைந்து ரப்பர் நூலாகிவிடும். கேக்கை வெட்டும்போது கண்ணாடித் துணுக்கு மாதிரி தெரியும். அதனால் 2 ஸ்பூன் கிரீமை ஃப்ரிட்ஜுக்கு வெளியே எடுத்து வைத்து, அதை முதலில் ஜெலட்டினில் கலந்து இளக்குங்கள். மீதிக் கிரீமில் பீட்டர் போன தடம் அழியாமல் நிற்கத் தொடங்கியதும், மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரமாக மெல்லிய தாரையாக விடுங்கள். அரை நிமிடத்தில் நிறுத்திவிடலாம். உடனே பூச வேண்டும். கால் மணி நேரம் கிண்ணத்தில் விட்டால் இறுகிவிடும், பிறகு பூசினால் திட்டுத்திட்டாக வரும்.

ஓவன்காரன்:
ஒத்துக்கறேன், ஒரே ஒரு விஷயம் தவிர. ஜெலட்டினே 30 டிகிரியைச் சுத்தி இளகிடும், அதனாலதான் நாக்குல கரையுது. மண்டபத்துல ஃபேனுக்குக் கீழ 34 டிகிரியில ரெண்டு மணி நேரம் நிக்கப்போற கேக்குக்கு அதை நம்பி டபுள் அளவு போடுறவங்க இருக்காங்க. கேக் நிக்காது, கிரீம்தான் ஜெல்லி மாதிரி ஆடும்.

அடுப்படி_ராணி:
சைவக் கேக்குக்கு ஜெலட்டினுக்குப் பதில் சைனா கிராஸ் (கடற்பாசியில செய்யற அகர்-அகர்) அதே அளவு போடலாமா அண்ணா? மாட்டு எலும்புல செய்யறதுன்னு தெரிஞ்சா வாங்கினவங்க தொடவே மாட்டாங்க.

பட்டர்பேப்பர்:
அதே அளவும் கூடாது, அதே முறையும் கூடாது. சைனா கிராஸ் கொதித்தால்தான் கரையும், 35-40 டிகிரிக்கு இறங்கும்போதே உறைந்துவிடும். குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் அந்த நொடியே ரவை ரவையாக நிற்கும்.

சைனா கிராஸ்தான் வேண்டுமென்றால் சுற்றுவழி உண்டு. கால் டீஸ்பூன் பொடியை 60 மில்லி பாலில் கலந்து 2 நிமிடம் கொதிக்க விட்டு, ஃப்ரிட்ஜில் முழுதாக உறைய விடுங்கள். அந்த ஜெல்லியை மிக்ஸியின் சின்ன ஜாரில் வழவழவென்று அரைத்து, 250 மில்லி கிரீம் அடித்து முடித்த பிறகு கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். தண்ணீர் விடுவது குறையும். ஒருமுறை உறைந்த சைனா கிராஸ் 80 டிகிரிக்கு மேல்தான் இளகும், வெயிலெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் கிரீமின் கொழுப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எளிமையாக வேண்டுமென்றால் சோள மாவு போதும். 2 டீஸ்பூன் சோள மாவு, 2 டேபிள்ஸ்பூன் ஐசிங் சுகர், 60 மில்லி பால். கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கூழ் போல் வரும்வரை கிண்டி, மேலே ஆடை படியாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி நன்றாக ஆற விட வேண்டும். கிரீம் பாதி அடிபட்டதும் ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கலாம். வேகாத சோள மாவை அப்படியே கொட்டுகிறவர்களும் உண்டு. நாக்கில் மாவு நெறுநெறுக்கும், தண்ணீரையும் பெரிதாகப் பிடிக்காது.

திருச்சி_தித்திப்பு:
இன்னும் எளிமை: 250 மில்லிக்கு 2 டீஸ்பூன் பால் பவுடர், ஐசிங் சுகரோட சலிச்சு சேர்த்துடுங்க. ஒரு நாள் தாங்கும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

அடுப்படி_ராணி:
இன்னொரு சந்தேகம். எங்க ஊர்க் கடையில 25% ஃப்ரெஷ் கிரீம்தான் கிடைக்குது. வீட்டுப் பாலாடையைச் சேர்த்தா கொழுப்பு கூடி நிக்குமா?

ஓவன்காரன்:
நிக்காது தங்கச்சி. 25% கிரீம் எவ்வளவு அடிச்சாலும் மோர் நுரை மாதிரி எழும்பி அடங்கிடும், குமிழியைச் சுத்திச் சுவர் கட்ட அதுல கொழுப்பு பத்தாது. 30% கீழ்வரம்பு, வெயில் காலத்துக்கு 35% பாருங்க. பெட்டிக்குப் பின்னாடி 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்புன்னு அச்சடிச்சிருக்கும். முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் அந்த எண்தான் பேசும்.

பாலாடை, காய்ச்சின பால் மேல படியற ஆடை. அதுல கொழுப்பு ஏற்கெனவே கட்டிகட்டியா சேர்ந்து கிடக்கும், தனித்தனி உருண்டையா இல்லை. மிக்ஸர் போட்டா காத்து ஏறாது, நேரா வெண்ணெய்தான். நெய் காய்ச்சுங்க, அதுக்குத்தான் அது.

திருச்சி_தித்திப்பு:
ஆர்டர் எடுத்துச் செய்யற யாரும் மே மாசத்துல பால் கிரீம்ல நிக்கறது இல்லை. பால் கொழுப்பு இல்லாத நான்-டெய்ரி கிரீம்தான். அதைப் பத்தி யாரும் பேசலையே?

ஓவன்காரன்:
பேசிடுவோம். நான்-டெய்ரியில பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏத்தின பாம் கர்னல் எண்ணெய். பால் கொழுப்பு 15-லேயே நெகிழ ஆரம்பிக்கும், இது 25-ஐத் தாண்டியும் விறைப்பா இருக்கும். ஆனா 33-35-ல சட்டுனு கரைஞ்சிடும். ஸ்டெபிலைசரும் சர்க்கரையும் பெட்டியிலேயே இருக்கு, அதனால ஜெலட்டின் வேண்டாம், ஐசிங் சுகரும் வேண்டாம்.

இதைக் கெடுக்கிறது பெரும்பாலும் ஃப்ரீசர்ல இருந்து வெளியே எடுக்கிற விதம். மைனஸ் 18-ல இருக்கிற பெட்டியைச் சமையல் மேடையில வெச்சு உருக்கினா வெளிப்பக்கம் 25 டிகிரி, நடுவுல ஐஸ் பாறை. ஃப்ரிட்ஜுக்கு மாத்தி ஒரு நாள் விடுங்க. பெட்டியைக் குலுக்கினா உள்ள இன்னும் கொஞ்சம் ஐஸ் சரசரக்கணும், அதுதான் பதம். முதல் 2 நிமிஷம் மெதுவா, அந்த ஐஸ் துணுக்கு கரையற வரை. அப்புறம் மிதமான ஸ்பீட்ல 4-5 நிமிஷம். மூணு பங்கு, நாலு பங்குன்னு பொங்கும், கிண்ணத்தைப் பெரிசா எடுங்க.

எப்ப நிறுத்தணும்னு கவனிங்க. பீட்டரைத் தூக்கினா நுனி லேசா வளைஞ்சு நிக்கணும். கொம்பு மாதிரி நேரா நிக்கிற வரை அடிச்சீங்கன்னா, ஸ்பேட்டுலாவுல பூசும்போதும் கிரீம் பிழியற பையில அழுத்தும்போதும் இன்னும் அடிபட்டு, ஓரம் வெடிச்ச மாதிரி கரகரன்னு வரும். அந்த நிலைக்குப் போயிட்டா, அடிக்காத ஜில் கிரீம் 2-3 டேபிள்ஸ்பூன் ஊத்திக் கரண்டியால மெதுவா மடிங்க, திரும்பி வரும். பால் கிரீம் திரிஞ்ச மாதிரி ஆனாலும் இதே வைத்தியம்தான். மஞ்சள் நிறம் தட்டி மோர் பிரிஞ்சிடுச்சுன்னா மட்டும் விட்டுடுங்க, அது வெண்ணெய் ஆகிடுச்சு.

ருசி? மெழுகு பூசின மாதிரி அண்ணத்துல ஒட்டுதுன்னு சிலர் சொல்றது பொய்யில்லை. அதுக்கு ஒரு சமாதானம்: நான்-டெய்ரி 2 பங்கு, 35% பால் கிரீம் 1 பங்கு, ரெண்டும் ஜில்லுனு, சேர்த்தே அடிக்கலாம். வாயில பால் மணம் வரும், வெளியில ரோஜாவும் நிக்கும்.

பனங்கட்டி:
பால் ஒத்துவராத பிள்ளைக்கு நான்-டெய்ரி குடுக்கலாமோ? இல்லாட்டி தேங்காய் முதற்பாலைக் குளிர வைச்சு அடிச்சால் சரிவருமோ? யாழ்ப்பாணத்திலயும் இப்ப வெக்கைதான்.

பட்டர்பேப்பர்:
பால் ஒவ்வாமை என்றால் நான்-டெய்ரியைக் கண்ணை மூடிக் கொடுத்துவிடாதீர்கள். பல பெட்டிகளில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். கொழுப்புதான் பாலில் இருந்து வரவில்லையே தவிர, புரதம் பாலுடையதுதான். பொருள் பட்டியலைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

தேங்காய் முதற்பாலைக் குளிர வைத்து, மேலே திரண்டதை மட்டும் வழித்து அடித்தால் நுரைக்கும். ஆனால் தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரியிலேயே இளகிவிடும். கோப்பையில் போட்டு ஃப்ரிட்ஜில் இருந்து நேராகச் சாப்பிடக் கொடுக்கலாம். கேக்கின் வெளியே பூசி அந்த வெக்கையில் வைப்பதற்கு அது ஆகாது.

சர்க்கரைப்பூ:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாளைக்குப் பண்ணப்போறது அன்னாசிப் பழ கேக். உள்ளே பழத் துண்டு, வெளியே ஜெலட்டின் போட்ட பால் கிரீம். சரிதானே?

பட்டர்பேப்பர்:
நிறுத்துங்கள்! பச்சை அன்னாசியில் புரதத்தை அரிக்கும் நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம். பழம் பட்ட இடமெல்லாம் கிரீம் நீர்த்து ஓடும். பப்பாளி, கிவி இரண்டும் இதே ரகம். துண்டுகளைச் சர்க்கரை போட்டு 5 நிமிடம் கொதிக்க விட்டால் நொதி செத்துவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான். எதுவானாலும் வடிகட்டியில் அரை மணி நேரம் போட்டு, டிஷ்யூவில் ஒற்றி எடுத்த பிறகு வையுங்கள். வடித்த பாகை ஸ்பாஞ்சில் தெளிக்கலாம், ஆனால் அளவோடு. போர்டில் தேங்கும் தண்ணீரில் பாதி, கிரீம் விட்டதாக இல்லாமல் ஸ்பாஞ்ச் கக்கியதாக இருக்கும்.

மாம்பழத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வெட்டிய முகம் சாறு விடும். கேக்குக்கு மேலே வைப்பதாக இருந்தால் கொடுக்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி_ராணி:
ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவு) பொம்மை வைக்கலாமா மேல?

திருச்சி_தித்திப்பு:
கிரீம்ல இருக்கிற ஈரம் பட்டா ஃபாண்டன்ட் கசிஞ்சு சாயம் இறங்கும். வட்டமா வெட்டின வெள்ளைச் சாக்லெட் தகடு ஒண்ணு கீழ வெச்சு, அதுக்கு மேல பொம்மை. அதுவும் டெலிவரிக்குக் கிளம்பும்போது.

ஓவன்காரன்:
டெலிவரின்னதும் ஞாபகம் வருது. கடற்கரை ஊர்கள்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கேக் மேல முத்து முத்தா தண்ணி கோத்துக்கும். அது கிரீம் விட்ட தண்ணி இல்லை, காத்துல இருக்கிற ஈரம் ஜில் பட்டுப் படியறது. சென்னையில மே மாசக் காத்து 25 டிகிரி பக்கத்துல இருக்கிற எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணியா மாறிடும், 5 டிகிரி கேக்கை விடுமா? டிஷ்யூவால ஒத்தாதீங்க, கிரீமும் சேர்ந்து வரும். கேக்கைப் பெட்டிக்குள்ள வெச்சே ஃப்ரிட்ஜ்ல வைங்க, பெட்டியோடயே எடுங்க, வெட்டற நேரம் வரை மூடியைத் திறக்காதீங்க. ஈரம் அட்டைப் பெட்டி மேல படியும், கேக் தப்பிக்கும்.

பயணத்துக்கு முன்னாடி பூசின கேக் குறைஞ்சது 5 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். நடு ஸ்பாஞ்ச் வரை ஜில்லுனு ஆனாதான் அது தானே ஒரு ஐஸ் பேக் மாதிரி வேலை செய்யும். மேல் கிரீம் மட்டும் ஜில்லுனு இருந்தா 15 நிமிஷத்துல உள்சூடு வெளியே வந்துடும். மீன்காரங்க வெச்சிருக்கிற மாதிரி தெர்மோகோல் பெட்டி (புதுசு வாங்குங்க, பழசுல வாடை போகாது), நாலு மூலையில உறைய வெச்ச அரை லிட்டர் தண்ணி பாட்டில், ஒவ்வொண்ணையும் துணியில சுத்தி. பாட்டில் கேக் பெட்டியை முட்டக் கூடாது. கார்ல சீட் மேல வைக்காதீங்க, அது சாய்வு. காலடித் தரைதான் சமம்.

கொடுக்கும்போது ஒரு வரி சொல்லிடுங்க: பால் கிரீம் கேக் வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல வெக்கைன்னா ஒரு மணி நேரம்தான். நிக்குதா உருகுதாங்கறது வேற, கெட்டுப் போறது வேற. ஜெலட்டின் போட்ட கிரீம் பார்க்க நல்லா இருந்துக்கிட்டே கெட்டுப் போகும்.

சர்க்கரைப்பூ:
சரி, அன்னாசியைக் கொதிக்க வெச்சிடறேன். பழைய கேள்வி ஒண்ணு பாக்கி: ரோஜா இதழ். முதல் ரெண்டு நல்லா வருது, மூணாவதுல இருந்து ஓரம் கிழிஞ்சு வழவழன்னு ஆகிடுது. நாசில் தப்பா?

பட்டர்பேப்பர்:
நாசில் தப்பில்லை, உங்கள் உள்ளங்கைதான் அடுப்பு. பை நிறைய கிரீம் போட்டு இறுக்கிப் பிடித்தால் 36 டிகிரி கை அதை இரண்டே நிமிடத்தில் இளக்கிவிடும். பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கையில், ஒன்று ஃப்ரிட்ஜில். ஒவ்வொரு மூன்று ரோஜாவுக்கும் மாற்றுங்கள். பருத்திக் கையுறை போட்டுப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பையில் எஞ்சி இளகிய கிரீமைக் கிண்ணத்துக் கிரீமில் திரும்பக் கொட்டாதீர்கள், அது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு வழி: ரோஜாக்களை முந்தின நாளே பட்டர் பேப்பர் துண்டில் போட்டுத் தட்டோடு ஃப்ரீசரில் வையுங்கள். திரவக் கிரீமைத்தான் உறைய வைக்கக் கூடாது, அடித்து முடித்தது உறையலாம். கல் மாதிரி ஆனதும் தாளை உரித்து கேக்கில் வைத்து உடனே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். இதழ் நுனி மடங்காமல் அப்படியே இருக்கும்.

சர்க்கரைப்பூ:
எத்தனை மணி நேரம் ஃப்ரீசர்ல?

பட்டர்பேப்பர்:
4 மணி நேரம். மேலே மூடி போட்டு வையுங்கள், பக்கத்தில் மீன் இருந்தால் ரோஜாவில் அந்த மணம்தான் வரும்.